டாக்டர் ஆசைக்கு எந்த குரூப்? பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்

அமெரிக்காவில் டாக்டராக நினைப்பவர் முதலில் நான்கு வருடம் ஒரு பட்டப்படிப்பு படிக்கிறார். எந்தப் பாடம் எடுப்பது, எதை விடுவது என்று கல்லூரிக்குள் போன பிறகும் யோசிக்கலாம். நமக்கு அந்த அவகாசம் கிடையாது. உங்கள் தாத்தா காலத்தில் பள்ளியை முடித்துவிட்டு பி.யு.சி. என்று ஒரு வருடம் கல்லூரியில் படித்தார்கள். 1978இல் பிளஸ் டூ வந்ததும் அந்தப் படி பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. எம்.பி.பி.எஸ். வாசல் திறக்குமா என்பது, பதினைந்து வயதில் பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் எந்த குரூப்பை டிக் அடிக்கிறீர்கள் என்பதில் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

கோவை, ஈரோடு, நாமக்கல், திருப்பூர்ப் பக்கம் இந்த அவசரம் இன்னும் அதிகம். பத்தாவது பொதுத்தேர்வு எழுதும் முன்பே பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் இடங்களுக்கு முன்பதிவு வாங்கத் தொடங்கிவிடும். அதனால் இந்த அத்தியாயத்தில் உள்ள வேலைகளைப் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததுமே ஆரம்பித்துவிடுங்கள். அப்பா அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நான்கு விதிகள்

1. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது பயோடெக்னாலஜி), ஆங்கிலம் ஆகிய பாடங்கள் இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் தேர்ச்சி பெற வேண்டும். தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படித்தாலும் சரிதான்.
2. மூன்று அறிவியல் பாடங்களையும் சேர்த்து, பொதுப் பிரிவினர் 50 சதவீதமும், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் 40 சதவீதமும் எடுக்க வேண்டும். இது தகுதிக்கு மட்டும். ரேங்க் போடுவது நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான்.
3. சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். அதிகபட்ச வயது என்று இப்போது எதுவும் இல்லை.
4. நீட் தேர்வுக்கு மொத்தம் 720 மதிப்பெண். 180 கேள்விகளில் உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு 4. தவறினால் 1 கழியும்.

கணிதத்துக்கு இதில் ஒரு மதிப்பெண்கூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். குரூப் தேர்வின் சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

குரூப்களை அருகில் வைத்துப் பாருங்கள்

*பயோ-மேக்ஸ்:* இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். "ஏனுங் சார், பயோ-மேக்ஸ் போட்டுட்டா டாக்டருக்கும் ஆச்சு, இஞ்சினியருக்கும் ஆச்சுங்களே?" என்று கேட்காத பெற்றோர் கொங்குப் பகுதியில் குறைவு. கேள்வி நியாயமானது. அண்ணா பல்கலைக்கழக பொறியியல் கலந்தாய்வில் 200க்குப் போடும் கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. மருத்துவம் கைகூடாவிட்டால் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் வரை அந்த வழி திறந்தே இருக்கும். ஆனால் அதற்கு விலை உண்டு. தினமும் கணித வகுப்பு, கணித வீட்டுப்பாடம், கணித டெஸ்ட் என்று இரண்டு வருடமும் ஓடும். நீட் நெருங்கும் மார்ச் மாதத்திலும் கணிதப் பொதுத்தேர்வுக்குத் தனியாக உட்கார வேண்டும்.

*பியூர் சயின்ஸ்:* இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். நீட் பாடங்கள் மட்டும்தான். பயோ-மேக்ஸில் உயிரியல் என்பது ஒரே வினாத்தாளில் தாவரவியல் பாதி, விலங்கியல் பாதி. இங்கே இரண்டும் தனித்தனி நூறு மதிப்பெண் பாடங்கள். உயிரியல் ஆழமாக ஓடும். பொறியியல் வழி அநேகமாக அடைபடும்.

*உயிரியலோடு கம்ப்யூட்டர் சயின்ஸ்:* சில பள்ளிகளில் கணிதத்துக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறார்கள். சுமை குறைவு. பிறகு பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் போக நினைத்தால் சில கல்லூரிகள் பிளஸ் டூவில் கணிதம் கேட்கும் என்பதை மறக்காதீர்கள்.

*ஏமாற வைக்கும் பெயர்கள்:* அரசுப் பள்ளிகளில் உள்ள செவிலியர் தொழிற்பிரிவு நல்ல படிப்பு. ஆனால் அதில் இயற்பியலும் வேதியியலும் இல்லாததால் எம்.பி.பி.எஸ்.க்குத் தகுதி வராது. பயோ-கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி என்று பெயர் உள்ள குரூப்களில் உயிரியல் ஒரு தனிப் பாடமாக இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யாமல் பணம் கட்டாதீர்கள். பெயரில் 'பயோ' இருப்பது போதாது.

எனக்கு எது? ஒரு சோதனை

பத்தாவது மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். அரையாண்டுத் தேர்வு முடிந்து கிடைக்கும் விடுமுறையில் இதைச் செய்து பாருங்கள்.

1. பிளஸ் ஒன் இயற்பியல், விலங்கியல் பாடநூல்களைத் தெரிந்த அண்ணன் அக்காவிடம் இரவல் வாங்குங்கள், அல்லது பாடநூல் கழகத் தளத்தில் இறக்கிக்கொள்ளுங்கள்.
2. விலங்கியலில் ஒரு பாடத்தை யாருடைய உதவியும் இல்லாமல் படியுங்கள். மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் அதன் படத்தை வரைந்து பாகங்களைக் குறியுங்கள்.
3. இயற்பியலில் முதல் இரண்டு பாடங்களைப் படியுங்கள். வெக்டர், டிஃபரன்சியேஷன், டிரிக்னாமெட்ரி எல்லாம் அங்கேயே வந்துவிடும். எடுத்துக்காட்டுக் கணக்குகளில் ஐந்தை, விடையைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள்.
4. எந்தப் பாடத்தில் நேரம் போனதே தெரியவில்லை, எதில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

இயற்பியல் கணக்கு தட்டுத்தடுமாறியாவது வந்தது, பத்தாவது கணிதமும் பயமில்லை என்றால் பயோ-மேக்ஸ் எடுங்கள். கணிதம் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது, விலங்கியல் படம் மட்டும் கச்சிதமாக வந்தது என்றால் பியூர் சயின்ஸ். "கவுரவம் போயிரும்" என்று பயந்து பயோ-மேக்ஸில் போட்டு, பதினோராம் வகுப்பு முழுக்கக் கணித டியூஷனுக்கே அலையும் பிள்ளைகளைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. அந்த நேரமெல்லாம் உயிரியலுக்குப் போயிருக்க வேண்டியது.

படம் சரியாக வராமல் கணக்கு மட்டும் இனித்ததா? டாக்டர் ஆசை உங்களுடையதா வீட்டாருடையதா என்று சேர்க்கைக்கு முன்பே வீட்டில் மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

*குறிப்பு, பியூர் சயின்ஸ் எடுப்போருக்கு:* கணிதம் பாடத்தில் இல்லையே தவிர, இயற்பியலுக்குள் இருக்கிறது. ஒரே வேகத்தில் ஒரு பந்தை 15 டிகிரியில் எறிந்தாலும் 75 டிகிரியில் எறிந்தாலும், காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஒரே தூரத்தில்தான் போய் விழும். சூத்திரத்தில் சைன் 2 தீட்டா வருகிறது. சைன் 30 டிகிரியும் சைன் 150 டிகிரியும் சமம். டிரிக்னாமெட்ரி தெரிந்தவருக்கு இது அரை நிமிடக் கேள்வி. தெரியாதவர் இரண்டு கோணத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு மூன்று நிமிடத்தைத் தொலைப்பார். ஆகவே ஒரு தனி நோட்டுப் போட்டு டிரிக்னாமெட்ரி, வெக்டர், லாகரிதம், இருபடிச் சமன்பாடு, எளிய டிஃபரன்சியேஷன், இன்டெக்ரேஷன் ஆகிய ஆறையும் முதல் மூன்று மாதத்துக்குள் பயோ-மேக்ஸ் படிக்கும் நண்பரிடமோ கணித ஆசிரியரிடமோ கற்றுக்கொள்ளுங்கள். இது போதும், முழுக் கணிதமும் தேவையில்லை.

அரசுப் பள்ளி மாணவரா? இதைப் படிக்காமல் டி.சி. வாங்காதீர்கள்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-21 சேர்க்கையில் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே 300க்கும் மேற்பட்டோர் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். இந்த இடங்களின் கட்-ஆஃப் பொதுப் போட்டியை விட வெகுவாகக் குறைவு. இந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

நிபந்தனை ஒன்றுதான்: ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தொடர்ந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். (கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கும் பொருந்தும்.) அரசு உதவிபெறும் பள்ளி இந்தக் கணக்கில் சேராது.

பத்தாவதில் 480 எடுத்த அரசுப் பள்ளிப் பிள்ளையை, "நீட் கோச்சிங்கோட சேர்த்து சொல்லித் தர்றாங்களாம்" என்று நிலத்தை அடமானம் வைத்து ஹாஸ்டல் உள்ள தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். அன்றைக்கே அந்த 7.5 சதவீதம் கையை விட்டுப் போகிறது. திரும்ப வாங்க முடியாது. பள்ளியை மாற்றத்தான் வேண்டும் என்றால் நல்ல ஆய்வகமும் இயற்பியல் ஆசிரியரும் உள்ள வேறொரு அரசு மேல்நிலைப் பள்ளிக்கு, அல்லது அரசு மாதிரிப் பள்ளிக்கு மாறுங்கள். உரிமை அப்படியே இருக்கும். கோச்சிங்கை வெளியே பார்த்துக்கொள்ளலாம்.

வாளையார் தாண்டிப் பாலக்காட்டிலோ, ராஜஸ்தானின் கோட்டாவிலோ போய்ப் படிக்க நினைப்பவர்களுக்கும் இங்கேயே ஓர் எச்சரிக்கை. ஆறு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் மாநில ஒதுக்கீட்டுக்குப் பிறப்பிடச் சான்றும் அதற்கான ஆவணங்களும் காட்ட வேண்டியிருக்கும். போவதற்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

பள்ளியை எப்படிப் பார்ப்பது

வாசலில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸ் பேனரில் டாப்பர்களின் படம் இருக்கும். அதை விட்டுவிட்டு பதினோராம் வகுப்புப் பாடத்தை அங்கே உண்மையாகவே நடத்துகிறார்களா என்று பாருங்கள்.

காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் பல பள்ளிகள் பதினோராம் வகுப்பிலேயே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்து இரண்டு வருடமும் அதையே உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. பிள்ளைகளுக்கு அழுத்தம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பாடத்தைத் தாண்டிப் போகும் பழக்கம் திரும்பி வராமல் இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நீட் கேள்விகளில் ஏறத்தாழப் பாதி பதினோராம் வகுப்பிலிருந்து வருகிறது. செரிமானம், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவு நீக்கம், நரம்பு மண்டலம் என மனித உடலியங்கியல் முழுவதும் அந்த வருடத்துப் பாடம். இயற்பியலில் விசை, ஆற்றல், வெப்பம். வேதியியலில் வேதிப் பிணைப்பு, கரிம வேதியியலின் அடிப்படை. இதை விட்டவருக்குப் பிளஸ் டூவில் புதிதாகக் கட்டுவதற்கு அஸ்திவாரம் இருக்காது.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது:

1. அங்கே பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவரின் பதினோராம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். உடலியங்கியல் பக்கங்களில் பென்சில் கோடும் ஓரக் குறிப்பும் மடித்த மூலையும் இருக்கிறதா, அல்லது புதுப் புத்தக வாசனை அடிக்கிறதா என்பதே பதில்.
2. அவருடைய பிளஸ் ஒன் ரெகார்டு நோட்டில் தேதிகளைப் பாருங்கள். ஜூலையில் தொடங்கி மாதாமாதம் கையெழுத்து இருந்தால் ஆய்வகம் நடக்கிறது. பிப்ரவரியில் ஒரே வாரத்தில் பத்துக் கையெழுத்து இருந்தால் நடக்கவில்லை.
3. ஆய்வகத்துக்குள் போய் மைக்ரோஸ்கோப்புகள் எத்தனை, வகுப்பில் மாணவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.
4. இயற்பியல் ஆசிரியர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒருவர் மாறும் பள்ளியைத் தவிர்ப்பது நல்லது.
5. டைம்டேபிளைக் கேளுங்கள். கோச்சிங் வகுப்பையும் சேர்த்து எத்தனை மணிக்கு முடிகிறது, வீட்டுக்கோ ஹாஸ்டல் அறைக்கோ வந்து தனியாகப் படிக்க இரண்டு மணி நேரமாவது மிஞ்சுகிறதா என்று கணக்குப் போடுங்கள். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி, சத்தியிலிருந்து கோவை என்று தினமும் பஸ்ஸில் வந்து போக நினைப்பவர்கள் பயண நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

*டம்மி அட்மிஷன் வேண்டாம்.* பெயர் ஒரு பள்ளியில், ஆள் முழு நேரமும் கோச்சிங் சென்டரில் என்ற ஏற்பாட்டில் வருகைப்பதிவு சிக்கல் வந்தால் பொதுத்தேர்வு எழுதவே முடியாமல் போகலாம். செய்முறையும் கற்க முடியாது.

தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?

நீட்டைத் தமிழில் எழுதலாம். பத்து வருடம் தமிழில் படித்துவிட்டு பிளஸ் ஒன்னில் திடீரென்று மீடியம் மாற்றினால் முதல் ஆறு மாதம் பாடமும் புரியாது, மொழியும் புரியாது. ஆகவே மாற்றாதீர்கள். அதே நேரம் தமிழ் வினாத்தாளை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். 2018 தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது. உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது விதி. எனவே ஒவ்வொரு பாடத்துக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு மொழிச் சொற்களையும் அருகருகே எழுதி வாருங்கள். 'நெஃப்ரான்' என்று பார்த்ததும் சிறுநீரகம் கண்ணில் தெரிய வேண்டும்.

சேர்க்கை அன்று

- அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், டி.சி. தவிர மற்றவற்றைப் பள்ளியிலோ கோச்சிங் சென்டரிலோ விட்டுவிட்டு வர வேண்டாம். சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஆதார் ஆகியவற்றுக்கு நகல் போதும்.
- பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று அன்றே பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பிறகு நீட் விண்ணப்பத்தில் அலைய விடும்.
- விண்ணப்பத்தில் குரூப்பின் பெயரை மட்டும் பார்க்காமல் நான்கு பாடங்களையும் வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.
- தனியார் பள்ளிகளுக்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு கட்டணம் விதித்திருக்கிறது. பள்ளிக் கட்டணத்துக்கும் கோச்சிங் கட்டணத்துக்கும் தனித்தனி ரசீது கேளுங்கள். இரண்டு வருடப் பணத்தையும் மொத்தமாகக் கட்டாதீர்கள். பிள்ளைக்கு ஒத்துவராமல் பாதியில் வெளியேறினால் பணம் திரும்பி வருவது கஷ்டம்.
- "எம்.பி.பி.எஸ். சீட்டுக்கு நான் பொறுப்பு" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். நிர்வாக ஒதுக்கீடு உட்பட எல்லா இடத்துக்கும் நீட் தகுதியும் கலந்தாய்வும் கட்டாயம்.

முதல் மூன்று மாதம்

குரூப் தவறிவிட்டது என்று தோன்றினால் சீக்கிரம் பேசுங்கள். பெரும்பாலான பள்ளிகள் தொடக்க வாரங்களில் மாற்ற விடும். காலாண்டு தாண்டினால் விடுபட்ட பாடம் மலையாகிவிடும். முதல் மிட்-டெர்மில் மதிப்பெண் சரிந்தால் பதற வேண்டாம். பத்தாவதுக்கும் பதினொன்றுக்கும் உள்ள உயரம் எல்லோரையும் ஒருமுறை தடுக்கி விடுகிறது. காலாண்டிலும் அதே பாடத்தில் அதே சரிவு என்றால்தான் யோசிக்க வேண்டும்.

தூக்கத்தைக் குறைத்துப் படிக்கும் போட்டியில் இறங்காதீர்கள். ஹாஸ்டலில் இருந்தால் வாரம் ஒரு முறையாவது வீட்டாரிடம் தனியாகப் போனில் பேச விடுகிறார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். பெற்றோருக்கு: பிள்ளை சாப்பாட்டைக் குறைக்கிறது, நண்பர்களை விலக்குகிறது, "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது என்றால் டெஸ்ட் மார்க்கைப் பற்றிய பேச்சை அன்றோடு நிறுத்திவிட்டு அருகில் உட்காருங்கள். டெலி-மானஸ் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104 இரண்டும் நாள் முழுக்க இயங்குபவை. தமிழிலேயே பேசலாம். இந்த இரண்டு எண்களையும் பிள்ளையின் நோட்டு அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

ஏற்கெனவே கம்ப்யூட்டர்-மேக்ஸ் எடுத்துவிட்டேனே?

முன்பு இதற்கு வழியே இல்லை. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் விதியைத் தளர்த்தியது. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம். அந்தந்த ஆண்டு நீட் தகவல் கையேட்டில் தகுதிப் பகுதியை வாசித்து உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். இரண்டு வருட உயிரியலைத் தனியாகப் படிக்க வேண்டும் என்பதால், பதினொன்றின் தொடக்கத்திலேயே ஆசை வந்துவிட்டால் குரூப் மாறுவதே மேல்.

இரண்டாவது வழியை இப்போதே எழுதி வையுங்கள்

கோவை அரசு மருத்துவக் கல்லூரி 1966இல் தொடங்கியது. அதன் பிறகு பெருந்துறை, சேலம், கோவை இ.எஸ்.ஐ., கரூர், 2022இல் திருப்பூர், நாமக்கல், ஊட்டி என்று நம்மைச் சுற்றி இடங்கள் பெருகியிருக்கின்றன. அப்படியும் விண்ணப்பிப்போரில் பெரும்பான்மையோருக்கு முதல் முறையில் கிடைப்பதில்லை. ஆகவே பிளஸ் டூ பொதுத்தேர்வைக் கைகழுவாதீர்கள். கால்நடை மருத்துவத்தில் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குத்தான் தரப்படுகின்றன (அகில இந்திய 15 சதவீதத்துக்கு நீட்). நாமக்கல்லிலும் உடுமலையிலும் கல்லூரிகள் இருக்கின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பிளஸ் டூ மதிப்பெண்ணையே பார்க்கிறது. சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதிக்கு நீட் வேண்டும்.

நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி போன்ற படிப்புகளில் சேர்ந்து அங்கிருந்து எம்.பி.பி.எஸ்.க்கு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி ஒரு குறுக்கு வழி கிடையாது; மறுபடி நீட் எழுதித்தான் வர வேண்டும். அந்தப் படிப்புகளை அவற்றுக்காகவே விரும்பினால் சேருங்கள். ரிப்பீட்டராக இன்னொரு வருடம் எழுதுவது என்றால், கல்லூரியில் சேர்ந்துகொண்டே எழுதுவதா, முழு நேரமும் அதற்கே கொடுப்பதா என்பதைப் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ரிசல்ட் வந்த அன்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.